ஆரைக் கேட்டுப் பாஸ் பண்ணினனீர்?

வேலணையில் ஒரு வெளிநாடு இருக்கிறது. குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் வந்தால், "வெளிநாட்டுக்கு இறங்கிறாக்கள் இறங்குங்கோ" என்று கண்டக்டரே கத்துவார். கனடாவில் குடியேறிவிட்ட ஒரு குடும்பம் விட்டுப்போன பெரிய கல்வீடு அது. சுற்றிவர மதில், முன்னால் இரும்புக் கேற். கேற்றுக்கு இந்தப் பக்கம் இலங்கை, அந்தப் பக்கம் வெளிநாடு. மதிலில் 'அயலக வாழ்வு ஆங்கில ஆயத்த நிலையம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே 'இன்றுவரை ஒருவரும் தோற்றதில்லை!' என்று சிவப்பில் போட்டிருந்தது.

அந்தச் சிவப்பு வரிதான் நெடுந்தீவுச் சுபேசனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தது.

சுபேசனுக்கு முப்பத்தாறு வயது. இருபத்திரண்டு மாடு, ஒரு மோட்டார் சைக்கிள். மனைவி கோசலா பன்னிரண்டு வயதில் தாய்தகப்பனோடு லண்டனுக்குப் போனவள். கலியாணத்துக்கென்று வந்து ஆறு மாதம் நெடுந்தீவில் இருந்துவிட்டு, வயிற்றில் பிள்ளையோடு திரும்பிப் போனாள். அந்தப் பிள்ளை லோஜனாவுக்கு இப்போது மூன்று வயது. தகப்பனை அவள் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அப்பா என்றால் உள்ளங்கை அளவான ஒரு ஆள், பின்னால் எப்போதும் ஒரு மாடு நிற்கும் என்பதுதான் அவளுடைய எண்ணம்.

"இஞ்சருங்கோ, அடுத்த வருசம் செப்டெம்பரிலை பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொடங்குது," என்றாள் கோசலா. "முதல் நாள் நீங்கள்தான் கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விடோணும். அப்பா எப்ப போனுக்குள்ளை இருந்து வெளியிலை வருவார் எண்டு இவள் கேட்டபடி."

மனைவியிடம் போகிறவன் கொஞ்சம் ஆங்கிலம் பேசிக்காட்ட வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதற்குக் கொழும்பில் ஒரு சோதனை. பத்து நிமிடக் கதை, பெரிய விஷயமில்லை என்று கோசலா சொன்னாள். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு எதுதான் பெரிய விஷயம்? சுபேசன் பயந்துபோய் வேலணைக்கு வந்தான்.

நிலையத்தின் பணிப்பாளர் தியாகலிங்கம் ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர். வெள்ளை முழுக்கைச் சேட், கழுத்தில் ரை, கால் நடந்தாலும் ரை ஆடாத ஒரு நடை. அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. வெளிநாட்டில் வாழப்போகிறவன் வெளிநாட்டில்தான் பழகவேண்டும். ஆனால் வெளிநாட்டுக்குப் போக அவனிடம் விசா இல்லை. எனவே வெளிநாட்டை வேலணைக்குக் கொண்டுவந்துவிடுவது. இவ்வளவு சுலபமான ஒன்று மற்ற நாடுகளுக்கு இதுவரை தோன்றாதது ஆச்சரியம்தான்.

கேற்றடியில் குடிவரவு அதிகாரியாக அரியநாயகம் இருந்தார். முன்பு பஸ் நிலையத்தில் நேரம் குறித்தவர். சேர்ந்த முதல் நாளே அவர் சுபேசனின் பாஸ்போட்டை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்நியனாக வாழும் அனுபவம் மாணவனுக்குக் கிடைக்கவேண்டுமாம். ஒவ்வொரு காலையும் அதை எடுத்துப் படத்தையும் முகத்தையும் மூன்று தரம் மாறி மாறிப் பார்த்து, ஒரு கடதாசித் துண்டில் முத்திரை குத்துவார். பின்னேரம் நாடு கடத்தும் சடங்கு. பாஸ்போட்டை மாணவன் கையில் கொடுத்து, மஞ்சள் கோட்டில் நிறுத்தி, இன்னொரு முத்திரை குத்தி, திருப்பி வாங்கிக்கொண்டு இலங்கைக்குள் தள்ளிவிடுவார்.

வெளிநாட்டுக்குள் தமிழில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால், படிப்பின் ஆறு படிகளில் ஒரு படி கீழே இறக்கிவிடுவார்கள். மாணவர், உத்தியோகத்தர் எல்லோருக்கும் ஒரே சட்டம். அதனால் உத்தியோகத்தர்கள் பெரும்பாலும் பேசாமலே இருந்தார்கள். அரியநாயகத்திடம் ஆங்கிலம் மூன்று சொல் இருந்தது: நெக்ஸ்ற், நோ, ஸோரி. அதை வைத்துக்கொண்டு அவர் ஏழு வருடம் ஒரு நாட்டின் எல்லையைக் காத்துவந்தார். விழாக்கள், விசாரணைகள், கண்டிப்புகள் ஆகியவற்றுக்கு மட்டும் தமிழ் அனுமதிக்கப்பட்டிருந்தது. பணிப்பாளர் வாய் திறந்தால் அது இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

சுபேசன் வாரத்தில் மூன்று நாள் விடியக் காலமை மாட்டைக் கட்டிவிட்டு முதல் படகில் வந்தான். குளிர்காலப் பாடத்தில் கம்பளிக் கோட்டு இரண்டு போட்டுக்கொண்டு குளிரூட்டிய அறையில் நடுங்கினான். வரிசைப் பாடத்தில் முக்கால் மணித்தியாலம் வரிசையில் நின்றான். வரிசையின் முடிவில் ஒரு சுவர் இருந்தது. சுவரைத் தொட்டவர்கள் மறுபடி பின்னால் போய் நிற்கவேண்டும். காலநிலைப் பாடத்தில் வகுப்பாசிரியை சறோஜினிதேவி மிஸ் வெளியே எப்படி இருக்கிறது என்று கேட்டார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வெயில் என்று சுபேசன் ஆங்கிலத்தில் சொன்னான். பிழை. பாடத்திட்டப்படி அன்றைக்கு மழை.

அயலவர் பாடத்தில்தான் அவன் அடியோடு விழுந்தான். ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் அரியநாயகம் தொப்பி போட்டுக்கொண்டு வெள்ளைக்காரனாக நிற்பார். மாணவன் இந்தப் பக்கம் நின்று காலநிலை பற்றி ஒரு வசனம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். நெடுந்தீவில் எதிரே வருகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்காமல் விட்டால் கோபம் என்று அர்த்தம். தொப்பியோடு ஒரு மனிதன் வெயிலில் நிற்கிறதைப் பார்த்துச் சுபேசனுக்கு மனம் கேட்கவில்லை. "வெயர் கோ? யூ ஈட்? ஹவ் மெனி சில்ட்ரன்?" என்று கேட்டுவிட்டான். அயலவரின் அமைதியைக் குலைத்தல் என்று பதிந்து, இரண்டாம் படியிலேயே அவனை இன்னும் மூன்று மாதம் இருத்தினார்கள்.

உண்மையில் அவனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரத் தொடங்கியிருந்தது. அதற்கும் நிலையத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. லண்டனில் லோஜனா காலைச்சாப்பாடு சாப்பிடுகிற நேரம் நெடுந்தீவில் மத்தியானம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரம். தண்ணீர்த் தொட்டிக் கல்லில் போனைச் சாத்தி வைத்துவிட்டு இவன் தண்ணீர் அள்ளுவான். அவள் அங்கே கரண்டியைக் காட்டிப் பெயர் சொல்வாள், இவன் வாளியைக் காட்டிக் கேட்பான். பால் முடிந்துவிட்டது, இன்னும் வேண்டும், வேண்டாம், அது என்னுடையது, ஏன் அந்த மாடு அழுகிறது. இவன் பிழையாகச் சொன்னால் அவள் சிரிக்கமாட்டாள். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லுவாள், அவ்வளவுதான். ஒருநாள் அந்தப் பேச்சைப் பதிந்து கொண்டுபோய்ச் சறோஜினிதேவி மிஸ்ஸிடம் ஆசையோடு போட்டுக் காட்டினான். மிஸ் அவனைக் கண்டிப்புக்கென்று ஒதுக்கிய அறைக்குக் கூட்டிப்போனார்.

"ஆர் இந்தப் பிள்ளை?"

"என்ரை மகள், மிஸ். லண்டனிலை பிறந்தவள்."

"உந்தப் பிள்ளை சொல்லுறது ஒண்டும் எங்கடை பாடத்திட்டத்திலை இல்லை. முதலாம் படியிலைகூட உதைச் சேர்க்க ஏலாது. உந்தப் பழக்கத்தை விடும். உம்மடை ஆங்கிலம் கெட்டுப்போகும்."

இப்படிப் பதினாலு மாதம் போனது. சித்திரைக் கடைசியில் படியேற்ற விழா வந்தது. குத்துவிளக்கு ஏற்றி, தேவாரம் பாடி, ஆங்கிலத்தின் அவசியம் பற்றி இரண்டு மணித்தியாலம் தமிழில் பேசினார்கள். கடைசியாகப் பணிப்பாளர் எழுந்தார்.

"அன்பார்ந்தவர்களே! ஆங்கிலம் ஒரு சமுத்திரம். நீந்தத் தெரியாதவனைச் சமுத்திரத்தில் இறக்கலாமா? நீந்தப் பழகுவதற்கே தண்ணீரில் இறங்கவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது அவசரக்காரர் பேச்சு. ஏழு ஆண்டுகளாக இந்த நிலையத்தில் ஒருவர்கூட மூழ்கியதில்லை. காரணம் என்ன? ஒருவரைக்கூட நாங்கள் கரையை விட்டு அசைய விட்டதில்லை!"

கைதட்டல் ஓயவில்லை. சுபேசனும் தட்டினான். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு ஏதோ உறுத்தியது. விழா முடிய முதல், தமிழ் செல்லுபடியாகிற நேரத்துக்குள், ஓடிப்போய்ப் பணிப்பாளரைப் பிடித்தான்.

"சேர், இஞ்சையிருந்து இதுவரைக்கும் சோதினைக்குப் போனாக்கள் எத்தினை பேர்?"

"தோல்வி பூச்சியம்."

"தோத்தாக்கள் இல்லை, சேர். போனாக்கள்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். போகாதவன் எப்பிடித் தோப்பான்?"

"சேர், நான் போகோணும். இப்ப பாஸ் பண்ணினால்தான் செப்டெம்பருக்கு முதல் விசா வரும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொடங்குது."

"ஆறாம் படி முடிக்கோணும். முடிச்சு, அனுமதிப் படிவத்தை ஆங்கிலத்திலை கேட்டு எடுக்கோணும். பிறகு பாஸ்போட் தருவம்."

"ஆறாம் படியிலை இப்ப ஆர் இருக்கினம், சேர்?"

"ஆறாம் படி இன்னும் தொடங்கேல்லை. அதுக்குப் பாடத்திட்டம் எழுதக்கூடிய ஆள் ஒருத்தரும் எங்களுக்குக் கிடைக்கேல்லை," என்றார் பணிப்பாளர், அதில் ஒரு பெருமையோடு.

சுபேசனுக்கு உடம்பு முழுக்கக் கொதித்தது. பதினாலு மாதம் சுவரைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியிருக்கிறான்! அன்றைக்கே கோசலாவுக்குச் சொல்லி, அடுத்த புதன்கிழமைக்குக் கொழும்பில் சோதனை பதிவித்தான். இனி வேண்டியது பாஸ்போட் ஒன்றுதான்.

திங்கட்கிழமை பின்னேரம் வழமைபோல அரியநாயகம் பாஸ்போட்டை அவன் கையில் கொடுத்து, மஞ்சள் கோட்டில் நிறுத்தி, முத்திரை குத்தினார். திருப்பி வாங்கக் கையை நீட்டினார். சுபேசன் பாஸ்போட்டைச் சேட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு கேற்றைத் தாண்டி நடந்தான்.

"நோ!" என்றார் அரியநாயகம்.

சுபேசன் நடந்தான்.

"நெக்ஸ்ற்!" என்றார் இன்னும் பலமாக.

சுபேசன் ஓடத் தொடங்கினான்.

"ஸோரி! ஸோரி!" என்று அரியநாயகம் தொண்டை கிழியக் கத்தினார். அத்தோடு அவருடைய ஆங்கிலம் தீர்ந்துவிட்டது. தமிழில் கத்த வேண்டுமென்றால் கேற்றுக்கு வெளியே வரவேண்டும். வெளியே வர முத்திரை வேண்டும். அவர் சட்டம் தெரிந்த மனிதர். ஓடிப்போய்க் கதிரையில் இருந்து, தன்னுடைய துண்டை எடுத்துத் திகதி எழுதி, தன் படத்தை மூன்று தரம் பார்த்து, முகத்தைத் தடவி உறுதி செய்துகொண்டு, முத்திரை குத்தி, இலங்கைக்குள் காலை வைத்து, "அடேய், நில்லடா!" என்று கூவினார். பஸ் அதற்குள் இரண்டு வளைவு தாண்டிவிட்டது. தன் பாஸ்போட்டைத் தானே களவெடுத்தவன் அதில் ஏறியிருந்தான்.

கொழும்பில் சோதிக்கிறவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னான். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? பாண், பால், எல்லாம் முடிந்துவிட்டது, இன்னும் வேண்டும் என்று லோஜனா சொல்லுகிற மாதிரியே சொன்னான். வெளியே எப்படி இருக்கிறது? கொஞ்சம் யோசித்தான். மழை என்று சொன்னால் நிலையத்தில் சரி. ஜன்னலைப் பார்த்தான். துணிந்து வெயில் என்றான். அந்த அம்மா தலையை ஆட்டினார். மாடுகளைப் பற்றிக் கேட்டார். அதற்கு அவனை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா என்று முடிவில் கேட்டபோது, சுபேசன் தன்னை மறந்து, சாப்பிட்டீர்களா, பின்னேரம் எங்கே போவீர்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தூரத்தில் தனியே இருக்கிற தன் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பாதி அவனுக்கு விளங்கியது. மற்றப் பாதிக்குத் தலையாட்டினான். பாஸ் என்று முடிவு வந்தது.

விசா மனுவைப் போட்டுவிட்டு, நன்றி மறக்கக் கூடாது என்று, ஒரு பை பயத்தம் பணியாரத்தோடு சுபேசன் நிலையத்துக்குப் போனான். அவன் பிள்ளைப்புத்தி அப்படி. பணிப்பாளர் பையைப் பார்க்கவே இல்லை.

"நீர் ஆரைக் கேட்டுப் பாஸ் பண்ணினனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை, சேர். அந்த அம்மா கேட்டவ, நான் சொன்னனான்."

"உமக்கு விளங்குதோ நீர் என்ன செய்துபோட்டு வந்து நிக்கிறீர் எண்டு? இரண்டாம் படியிலை இருக்கிறவன் பாஸ் பண்ணினால் மூண்டாம் படி என்னத்துக்கு? ஆறாம் படி என்னத்துக்கு? நான் என்னத்துக்கு? உம்மைப் பார்த்து இனி மற்றச் சனமும் சோதினைக்குப் போகும். போனால் ஒண்டு பாஸ் பண்ணும், இல்லாட்டித் தோக்கும். ரெண்டிலை எது நடந்தாலும் நிலையத்துக்கு நட்டம்தானே?"

விசாரணை நடக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். விசாரணைக் கடிதம் வர மூன்று மாதம் எடுத்தது. இங்கிலாந்தின் விசா அதற்கு முதல் வந்துவிட்டது. ரிக்கற் போட்டு, மாடுகளை அக்காவிடம் பொறுப்புக் கொடுத்து, பறப்பதற்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் கடிதம் வந்தது. அனுமதியின்றிச் சித்தியடைந்தமை தொடர்பாக ஆஜராகவும், தவறினால் தூதரகத்துக்கு அறிவிக்கப்படும் என்றிருந்தது. அங்கே லோஜனா பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே படுக்கிறாளாம். இவங்கள் ஒரு கடிதம் எழுதினால் என்ன ஆகும்? சாப்பிடாமல் முதல் படகில் வந்தான்.

விசாரணைச் சபையில் மூன்று பேர்: பணிப்பாளர், சறோஜினிதேவி மிஸ், அரியநாயகம். அரியநாயகம் முறைப்பாட்டுக்காரராகவும் நீதிபதியாகவும் இரண்டு கதிரையில் மாறி மாறி இருந்தார். குற்றம் ஒன்று, பாஸ்போட்டோடு ஓடியமை. குற்றம் இரண்டு, பாடத்திட்டப்படி மழை பெய்த நாளில் வகுப்பில் வெயில் என்றமை. குற்றம் மூன்று, பாஸ் பண்ணியமை. மூன்றையும் சுபேசன் ஒப்புக்கொண்டான்.

"அப்ப முடிவு," என்றார் பணிப்பாளர். "இந்தப் பாஸ் முறைகேடானது எண்டு தூதரகத்துக்கு உடனை கடிதம் எழுதிறம். மிஸ், எழுதுங்கோ."

"ஆங்கிலத்திலையோ, சேர்?"

"தூதரகத்துக்குப் பின்னை என்ன தமிழிலையே எழுதிறது?"

மிஸ் பேனையைக் கையில் எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்பப் பூட்டினார். "என்ரை பகுதி பேச்சு, சேர். எழுத்து இல்லை."

"என்ரை பகுதி முத்திரை," என்றார் அரியநாயகம் அவசரமாக.

இரண்டு பேரும் பணிப்பாளரைப் பார்த்தார்கள். "நான் கொள்கை," என்றார் பணிப்பாளர். பிறகு அவர் முகம் தெளிந்தது. "சுபேசன், நீர்தானே பாஸ் பண்ணின ஆள். அந்தக் கடிதத்தை நீரே எழுதித் தாரும்."

"நான் பாஸ் பண்ணினது கதைக்கிற சோதினை மட்டும், சேர். எழுத எனக்கு வராது."

"பார்த்தியளே!" பணிப்பாளர் மேசையில் தட்டினார். "ஒரு கடிதம் எழுத ஏலாது! இவர் தோல்வி. எங்கடை நிலையத்தின்ரை முதலாவது தோல்வி எண்டு பதியுங்கோ. அரியநாயகம், முத்திரை!"

ஏழு வருட நிலையத்தில் பாஸ் பண்ணிய ஒரே ஒருவன் அதன் ஒரே தோல்வியாளனாகப் பதிவேட்டில் ஏறினான். சுபேசன் கும்பிட்டுவிட்டு, அவர்கள் மனம் மாறுவதற்குள் வெளியேறி, பஸ்ஸடியில் வந்து நின்றான்.

பின்னால் செருப்புச் சத்தம். பணிப்பாளர் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். ரை ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. கடிதம் எழுத ஆள் கிடைத்துவிட்டது போல என்று சுபேசன் பஸ் வருகிறதா என எட்டிப் பார்த்தான்.

"தம்பி," என்றார் அவர். அப்படி அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "அந்தச் சோதினையிலை என்னதான் கேட்டவ?"

"எங்கை இருக்கிறீர், என்ன சாப்பிட்டனீர், வெயிலோ மழையோ... உதுகள்தான், சேர்."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை, சேர்."

பணிப்பாளர் றோட்டைப் பார்த்தார். "என்ரை பேரனும் உதுகளைத்தான் கேக்கிறவன். மகளின்ரை பிள்ளை. சிட்னியிலை. ஒன்பது வயது. ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, என்ன சாப்பிட்டனீங்கள் அம்மப்பா எண்டு இங்கிலிசிலை கேப்பான். நான் உடனை மனிசியின்ரை கையிலை போனைக் குடுத்திட்டு எழும்பிப் போயிடுவன். இவ்வளவு பெரிய நிலையம் நடத்திற நான் அவனுக்கு முன்னாலை பிழை விட்டால்..."

சுபேசனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இந்த மனிதருடைய பயத்துக்குத்தானா நான் பதினாலு மாதம் சுவரைத் தொட்டேன்? பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தான். பாவமாக இருந்தது.

"நீங்கள் எத்தினையாம் படி எண்டு பார்த்தோ அவன் கேக்கிறான், சேர்? காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"புட்டு."

"அதைச் சொல்லுங்கோ."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. பணிப்பாளர் கேற்றைத் திரும்பிப் பார்த்தார். அரியநாயகம் அங்கே இல்லை. வாய் இரண்டு தரம் திறந்து மூடியது.

"ஐ... ஈட்... புட்டு," என்றார் மெதுவாக.

"அவ்வளவுதான், சேர். நீங்கள் பாஸ்," என்று சொல்லிவிட்டு, மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டிய அவசரத்தில் சுபேசன் பஸ்ஸில் ஏறினான்.